பதினான்கு மீன்களும் புதன்கிழமைகளும்

அவைக்குத் தலைமை ஏற்று, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பெற்றோர் சங்கத் தலைவர் ஐயா திரு ஞானசேகரன் அவர்களே. முன்வரிசையில் அமர்ந்து, இவன் எதையாவது உளறிவிடுவானோ என்று அஞ்சிக்கொண்டிருக்கும் எங்கள் பள்ளித் துணை முதல்வர் திருமதி புஷ்பராணி அவர்களே. என் வயதைப்போல் இரண்டு மடங்கு காலம் இந்த மண்டபத்தில் பேச்சு கேட்டும் பொறுமை இழக்காத பெரியோர்களே. நம் தீவின் தோ பாயோவிலும் புக்கிட் மேராவிலும் ரயில் ஏறி, தேக்காவில் இறங்கிச் சந்தைக்குப் போய், முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பையோடு நேராக இங்கே வந்துவிட்ட தாய்மார்களே. பின்வரிசையில் மடிக்கணினியை மடியில் வைத்து, என் பேச்சைக் குறிப்பெடுப்பதுபோல் வருகைப்பதிவை ஏற்றிக்கொண்டிருக்கும் சக ஆசிரியர்களே, நீங்கள் நிமிர வேண்டாம், முடித்துவிட்டே நிமிருங்கள். அனைவருக்கும் ஸ்ரீராமின் வணக்கம்.

ஆசிரியர் தினத்தை ஒட்டி எனக்கு இன்று ஒரு விருது தருகிறீர்கள். பல்பணிச் செம்மல். நான் மூன்றாம் ஆண்டு தமிழாசிரியன். மூன்று ஆண்டுகளில் செம்மல் ஆவது சாதாரணமா? சற்றுமுன் அறிவிப்பாளர் என் பொறுப்புகளை வாசித்தார். இருபத்து மூன்று. வாசிக்க நான்கு நிமிடம் ஆயிற்று, நடுவில் தண்ணீர் குடித்தார். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் கைதட்டினீர்கள். பத்தொன்பதாவது பொறுப்புக்குச் சிலர் எழுந்து நின்றே கைதட்டினீர்கள். அது மழைப் பொறுப்பு. மழை வந்தால் நான் பொறுப்பு. நாற்காலி நகர்த்துவது நான், கொடித்தோரணம் கட்டுவது நான், கழிவறையில் தரை வழுக்கும் என்ற அறிவிப்பைத் தமிழில் எழுதுவது நான், அதை ஒட்டப் பசை எடுத்ததற்குப் பதிவேட்டில் கையெழுத்திடுவதும் நான்.

எல்லாம் சரி. அந்த இருபத்து மூன்றில் ஒன்று விட்டுப்போனதை இந்த மண்டபத்தில் யாராவது கவனித்தீர்களா?

தமிழ் கற்பிப்பது.

என்ன ஐயா, அங்கே மூன்றாம் வரிசையில்? உரக்கச் சொல்லுங்கள். "அப்ப நீங்க பாடமும் எடுக்கிறீங்களா, தம்பி?" என்று கேட்கிறார். சிரிக்காதீர்கள். நியாயமான கேள்வி. எடுக்கிறேன் ஐயா. நேரம் கிடைத்தால் எடுக்கிறேன்.

இன்று நான் உங்களிடம் ஒரு சிறுமியைப் பற்றியும் சில மீன்களைப் பற்றியும் பேசப்போகிறேன். சிறுமியின் பெயர் யும்னா. தொடக்கநிலை நான்கு. அவளிடமும் அவள் தந்தையிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். தந்தை சுஹைப் அவர்கள் நான்காம் வரிசையில் இருக்கிறார், பேருந்து ஓட்டுநர், காலை வேலை முடித்துச் சீருடையோடு வந்திருக்கிறார். அவர் வாய் திறந்தால் தமிழ் துள்ளி ஓடும். மகளும் அப்படித்தான். அனுமதி கேட்டபோது யும்னா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "சொல்லுங்க சார். ஆனா நான் அழுதேன்னு சொல்லக்கூடாது லா." சொல்ல மாட்டேன். அவள் அழவில்லை.

பிப்ரவரி மாதம். வாசிப்பு வகுப்பு. யும்னா புத்தகத்தைப் பிடித்து, விரலை வரியின் கீழே ஓட்டி, மணி மணியாக வாசிக்கிறாள். ஏற்றம், இறக்கம், நிறுத்தம், எல்லாம் அழகு. நான் மகிழ்ந்துபோய் அருகில் போகிறேன். பார்த்தால் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே புரண்டிருக்கின்றன. அவள் விரல் ஓடுவது பதினேழாம் பக்கத்தில். வாயில் வருவதோ பதினைந்தாம் பக்கம்.

அவள் வாசிக்கவில்லை. நான் வகுப்பில் ஒருமுறை படித்துக் காட்டியதைக் காதால் பிடித்து மனத்தில் வைத்து ஒப்பிக்கிறாள். நான்கு ஆண்டுகளாக இப்படித்தான் வந்திருக்கிறாள். கூர்மையான காது, கூச்சம் நிறைந்த கண். ஓர் எழுத்தைத் தொட்டு இது என்ன என்றேன். தரையைப் பார்த்தாள். "அப்பாகிட்ட சொல்லாதீங்க சார்" என்றாள்.

அன்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஒவ்வொரு புதன்கிழமையும் பிற்பகல் இரண்டு மணி. நாற்பது நிமிடம். அவளும் நானும் எழுத்துகளும். அக்டோபர் இறுதியில் ஆண்டுத் தேர்வு. அதில் அவளால் தானாக வாசிக்க முடியாவிட்டால், அடுத்த ஆண்டு எளிதாக்கிய தமிழுக்கு அவளை மாற்றுவார்கள். அந்த வகுப்பில் குறை இல்லை, அங்கே படிப்பவர்கள் எவருக்கும் தாழ்ந்தவர்கள் இல்லை. ஆனால் ஏன் போகிறாள் என்று எவருமே கேட்காமல் போவாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எளிய வேலைதானே? ஓர் ஆசிரியன், ஒரு மாணவி, நாற்பது நிமிடம். இதைவிடப் பள்ளிக்கூடம் வேறு எதற்கு?

இப்போது மீனுக்கு வருகிறேன்.

நம் ஊரில் எதற்கும் ஓர் இன்சார்ஜ் உண்டு. கதவுக்கு இன்சார்ஜ், கயிற்றுக்கு இன்சார்ஜ், இன்சார்ஜ்களின் பட்டியலுக்கு ஓர் இன்சார்ஜ். எங்கள் பள்ளி வாசலில் ஒரு குளம். குளத்தில் ஆரஞ்சு நிறத்தில் பதினான்கு கோய் அலங்கார மீன்கள். ஜனவரியில் ஆசிரியர் கூட்டத்தில், மீனுக்கு யார் இன்சார்ஜ் என்ற கேள்வி எழுந்தபோது நான் கழிவறைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அவ்வளவுதான் என் தேர்தல்.

"தமிழ் டீச்சருக்கு ஒன்பது பிள்ளைங்கதானே, ஃப்ரீயா இருப்பாரு" என்றார்கள். ஒன்பது பிள்ளைகள். நாற்பது பேர் இருந்தால் அது வகுப்பு, ஒன்பது பேர் இருந்தால் அது ஓய்வா? ஒன்பது பேருக்கும் ஒன்பது தலை இல்லையா? ஒன்பது வீடு இல்லையா? நம் மொழியைப் படிப்பவர்கள் குறைவு என்பதால் அதைக் கற்பிப்பவனின் நேரமும் மலிவா? இதற்குக் கைதட்டுகிறீர்கள். சற்றுமுன் மழைக்கும் தட்டினீர்கள். ஆகவே நான் நம்பவில்லை.

மீன் இன்சார்ஜ் தினமும் காலை ஏழு பத்துக்கு மீன்களை எண்ணிப் பள்ளிக் கணினியின் திரையில் ஏற்ற வேண்டும். நீங்கள் மீன் எண்ணியிருக்கிறீர்களா? பிள்ளைகளை எண்ணலாம், உட்கார் என்றால் உட்காரும். மீனை உட்காரச் சொல்ல முடியுமா? பதினான்கு என்று அடித்தால் திரை பச்சை. வேறு எந்த எண்ணை அடித்தாலும் சிவப்பு. சிவப்பு வந்தால் சம்பவ அறிக்கை திறக்கும். பதினொரு பக்கம்.

மார்ச் மாதத்தில் ஒரு மீன் இறந்தது. மூப்பு. நான் நேர்மையாகப் பதின்மூன்று என்று அடித்தேன். இளமை, அனுபவமின்மை. அறிக்கை திறந்தது. மீனுக்கென்று தனிப் படிவம் இல்லையாம், ஆகவே மாணவர் காயப்பட்டால் நிரப்பும் படிவத்தையே நிரப்பச் சொன்னார்கள். எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியாது.

பாதிக்கப்பட்டவரின் வகுப்பு? குளம் என்று எழுதினேன். சம்பவத்தின்போது அவர் எங்கே இருந்தார்? தண்ணீரில். பெரியவர் எவரேனும் உடனிருந்தாரா? பெரிய மீன் ஒன்று இருந்தது. சம்பவத்தின்போது பொருத்தமான காலணி அணிந்திருந்தாரா? இல்லை என்றேன். திரை என்னை விடவில்லை. காலணி அணியாததன் காரணத்தை ஐம்பது சொற்களுக்குக் குறையாமல் விளக்குக என்றது. விளக்கினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறந்த உரைநடை அந்த ஐம்பது சொற்கள்தான்.

அனுப்பிய மறுகணம் பதில் வந்தது. பாதிக்கப்பட்டவரின் பெற்றோருடன் சந்திப்பு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. புதன்கிழமை. பிற்பகல் இரண்டு மணி.

நான் போகாமல் இருந்திருக்கலாமே என்கிறீர்களா, அம்மா? போகாவிட்டால் அதற்கு ஓர் அறிக்கை. போனேன். ஆலோசனை அறையில் ஆலோசகரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிடம் கழித்து அவர் கேட்டார், "பேரன்ட்ஸ் வரலையா?"

"வரமாட்டாங்க."

"ஏன், ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்களா?"

"மீன், சார்."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீண்டும் திரையைப் பார்த்தார். "அப்ப ஃபேமிலி பேக்கிரவுண்ட் தெரியலைன்னு போட்டுக்கவா?" என்றார். நல்ல மனிதர். அவருக்கும் அன்று நிரப்ப எட்டுப் படிவங்கள்.

அடுத்த புதன் நினைவூட்டல் சந்திப்பு. பெற்றோர் அப்போதும் வரவில்லை. இருமுறை வராவிட்டால் பள்ளியே வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. மூன்றாம் புதன், வீட்டுச் சந்திப்பு. நான் வருகைத்தாளை ஏந்திக்கொண்டு குளக்கரையில் நாற்பது நிமிடம் நின்றேன். வெயில். மீன்கள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அப்போது பள்ளிக்கூடப் பையும் வாசிப்புப் புத்தகமுமாக யும்னா வந்து பக்கத்தில் நின்றாள்.

"சார், முடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"நான் வெய்ட் பண்ணவா?"

காத்திருந்தாள். முதல் புதனும் காத்திருந்தாள், இரண்டாம் புதனும் காத்திருந்தாள். எனக்குத்தான் அது தெரியாமல் போயிற்று, நான் உள்ளே மீனின் பெற்றோருக்காகக் காத்திருந்தேன்.

இப்படியே மழையும் நாற்காலியும் தோரணமும் மாறி மாறி வந்தன. ஜூலை வரை அவளுக்கு நான் தர வேண்டிய புதன்கள் பதினெட்டு. தந்தது ஆறு. அந்த ஆறே புதனில் அவள் குறில் நெடில் கடந்துவிட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறை பிள்ளையிடம் இல்லை.

மார்ச்சில் போன மீனுக்குப் பதில் பள்ளி புதிதாக ஒன்றை வாங்கி விட்டிருந்தது. ஜூலையில் இன்னொரு மீன் செத்து மிதந்தது. வெள்ளிக்கிழமை. இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். படிவம் நிரப்பி நிரப்பிப் புத்தி மழுங்கிய ஒருவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு. மூன்று புதன்களை மீண்டும் இழக்க நான் விரும்பவில்லை. திரைக்கு வேண்டியது பதினான்கு. நிறம் கேட்கிறதா? இல்லை. இனம் கேட்கிறதா? இல்லை. சனிக்கிழமை காலை தேக்கா சந்தைக்குப் போனேன். மீன்கடையில் ஒரு தொட்டியில் உயிரோடு ஒன்று கிடந்தது. கறுப்பு. கை நீளம்.

"அண்ணே, இது என்ன மீன்?"

"விரால் தம்பி. ஹருவான்னு சொல்வாங்கல்ல, அதான். ஆபரேஷன் பண்ணவங்களுக்குச் சூப் வச்சிக் கொடுத்தா காயம் சட்டுன்னு ஆறும். வீட்ல யாருக்கு ஆபரேஷன்?"

"யாருக்கும் இல்லண்ணே. ஸ்கூல்ல நிரப்புற ஃபார்முக்கு."

"வெட்டித் தரவா?"

"வேணாம். உசுரோட இருந்தாத்தான் கணக்குல வரும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

சிரிக்கிறீர்கள். சமையலறை தெரிந்த தாய்மார்கள் முதலில் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிகிறது. இலக்கணம் தெரிந்த எனக்குத் தெரியவில்லை. விரால் மற்ற மீன்களைத் தின்னும்.

திங்கட்கிழமை எண்ணினேன், பன்னிரண்டு. பதினான்கு என்று அடித்தேன். திரை பச்சை. செவ்வாய் ஒன்பது. பதினான்கு என்று அடித்தேன். பச்சை. புதன் ஆறு. பதினான்கு. பச்சை. வெள்ளிக்கிழமை காலை குளத்தில் ஒரே ஒரு மீன், கனத்துப் போய், நிறைவான முகத்தோடு மெல்ல நீந்திக்கொண்டிருந்தது. பதினான்கு. பச்சை. என் மூன்றாண்டுப் பணியில் அவ்வளவு பிசிறில்லாத பதிவை நான் வைத்திருந்ததே இல்லை. அந்த வாரம் என் பதிவுகளைப் பாராட்டி ஒரு மின்னஞ்சலும் வந்தது.

அன்றுதான் துணை முதல்வர் விருந்தினர்களுக்குக் குளத்தைக் காட்ட வந்தார். மேடம், மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் நான் இறங்க முடியாது.

"ஸ்ரீராம், மத்ததெல்லாம் எங்க?"

"உள்ளதான் இருக்கு, மேடம்."

பொய் இல்லை.

உண்மை வெளிவந்தது. நான் எண்களைத் திரித்தது குற்றம். ஒப்புக்கொள்கிறேன், எச்சரிக்கைக் கடிதமும் வாங்கினேன், அது நியாயம். ஆனால் அடுத்து நடந்ததைக் கேளுங்கள். திரையின் கணக்கில் பதினான்கு, குளத்தில் ஒன்று. மறைந்த மீன்கள் பதின்மூன்று. ஆகவே சம்பவ அறிக்கை பதின்மூன்று. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து எழுதலாமா என்று கேட்டேன். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரும் தனித்தன்மை உடையவர் என்று பதில் வந்தது. விராலின்மீது, சக மாணவரைத் துன்புறுத்தினால் போடும் பகடிவதைப் புகார் ஒன்று. அதற்கும் ஆலோசனை வகுப்பு உண்டு, நான்தான் அழைத்து வர வேண்டும். பதின்மூன்று அறிக்கைக்கும் பெற்றோர் சந்திப்புகளைத் திரை தானாகவே குறித்துவிட்டது. எல்லாம் புதன்கிழமை. எல்லாம் பிற்பகல் இரண்டு மணி.

ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் எத்தனை புதன்கிழமைகள்? ஏழு.

ஏழும் மீன்களுக்குப் போய்விட்டன.

இப்போது நான் விளையாட்டை விட்டுவிட்டுப் பேசுகிறேன். மீனுக்குப் படிவம் இருக்கிறது. மழைக்குப் படிவம் இருக்கிறது. பசைக்குப் பதிவேடு இருக்கிறது. நான்கு ஆண்டுகள் வகுப்பில் உட்கார்ந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு என்ன இருக்கிறது? தேடிப் பார்த்தேன். எதுவும் இல்லை. ஏன் இல்லை? அவள் தினமும் வருகிறாள். காலணி அணிகிறாள். எண்ணினால் எண்ணிக்கை சரியாக இருக்கிறது. எண்ணிக்கையில் சரியாக இருப்பவர்களை எவரும் தேடுவதில்லை. பச்சைத் திரைக்குப் பின்னால் எத்தனை யும்னாக்கள், எத்தனை வகுப்புகளில், எத்தனை பக்கங்களை மனப்பாடமாகக் கடந்துகொண்டிருக்கிறார்கள்? எந்தத் திரை சொல்லும்? ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அந்த ஒருவரை நீங்கள் குளக்கரையில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் என்றுதான் சொன்னேன். மேலிடம் மட்டும் என்று தப்பிக்க வேண்டாம். பெற்றோர்களே, பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் தொலைந்தால் எனக்கு ஏழு குறுஞ்செய்தி வருகிறது. என் அக்காள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் ஒருவர், "சார், நீல மூடியா பச்சை மூடியா பாத்து சொல்றீங்களா?" என்று கேட்டார். பிள்ளை வாசிக்கிறதா என்று கேட்டு இந்த மூன்றாண்டில் எத்தனை செய்தி வந்தது தெரியுமா? ஒன்றுகூட இல்லை. சங்கத் தலைவர் ஐயா, இந்த விருதுக்கு நீங்கள் அனுப்பிய படிவம் ஒன்பது பக்கம். மூன்று பிரதி. குளத்தருகே நின்ற நிழற்படம் இரண்டு. அதை நிரப்பியதும் ஒரு புதன்கிழமைதான். ஆகவே பல்பணிச் செம்மல் பட்டத்தை இந்த மேசையிலேயே வைத்துவிடுகிறேன். கோபம் வேண்டாம் ஐயா. ஒரு பணிக்குப் பட்டம் தாருங்கள், ஓடிவந்து வாங்குகிறேன்.

கேட்பது பெரிதல்ல. எழுத்தர் வேலையை எழுத்தரிடம் கொடுங்கள். ஆள் போதாதென்றால் ஆள் எடுங்கள். எவரும் படிக்காத படிவத்தை எவரும் நிரப்பாதிருக்கட்டும். எண்ணுவதற்கு ஆள் வையுங்கள், எழுத்துக்கு ஆசிரியனை விடுங்கள். காகிதத்துக்குக் காவல் இருந்தது போதும், கற்பிக்கக் கையை விடுங்கள். தாளுக்குத் தலைகுனிந்தது போதும், தமிழுக்குத் தலைநிமிர விடுங்கள். எங்களைக் கொண்டாட வேண்டாம், கொஞ்சம் விட்டுவிடுங்கள்.

துணை முதல்வர் கையை உயர்த்துகிறார். சொல்லுங்கள் மேடம்.

"பதின்மூணு ரிப்போர்ட்லயும் கவுன்டர்சைன் பண்ண வேண்டியது நான்தான், ஸ்ரீராம். நானும் முன்னாடி சயின்ஸ் டீச்சர். ஒரு வகுப்புக்குள்ள போய் மூணு வருஷமாச்சு. மீட்டிங் எல்லாத்தையும் கேன்சல் பண்றேன். சிஸ்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துக்கலாம்."

நன்றி மேடம். இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். திரை ரத்து செய்தாலும் செய்யாவிட்டாலும் வரும் புதன் இரண்டு மணிக்கு நான் யும்னாவோடு இருப்பேன். அடுத்த புதனும் இருப்பேன். ஏழு புதனும் இருப்பேன். இதற்கு இன்னொரு எச்சரிக்கைக் கடிதம் வந்தால், அதை அவளுக்கே வாசிப்புப் பாடமாக வைப்பேன்.

இத்தனை நேரம் ஓர் இளைஞனின் எரிச்சலைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், பெரியோருக்கும், பைக்குள் முருங்கைக்காய் வாடுவதையும் பாராமல் அமர்ந்திருந்த தாய்மாருக்கும் நன்றி சொல்லி, விடைபெறும் நேரத்தில்... யாரோ எழுந்து நிற்கிறார்கள். சுஹைப் அவர்களா? ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும். எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். நான் ஸ்கூல்ல மலாய் எடுத்தவன். தமிழ் பேசத்தான் வரும், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. நீங்க தமிழ்ல எழுதி அனுப்புற நோட்டீஸ் எல்லாத்துலயும் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். எதையும் படிச்சதில்ல. என் பொண்ணு வாசிக்க மாட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவ சொல்றது அவ்வளவு நல்லா இருக்கும். நான் புக்கைப் பார்த்துத் தலையை ஆட்டுவேன். புதன்கிழமை எனக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சிடும். பத்து நிமிஷம் லேட்டானா பரவாயில்லையா? நானும் வரலாமா?"

வாருங்கள் ஐயா. பத்து நிமிடம் தாமதமானால் யும்னா காத்திருப்பாள், அவளுக்கு அது பழக்கம். நானும் காத்திருக்கிறேன். படிவம் எதுவும் நிரப்ப வேண்டாம். வாசலில் காவலாளி யார் என்று கேட்டால், யும்னாவின் வகுப்புத் தோழன் என்று சொல்லுங்கள்.

அனைவருக்கும் நன்றி. வணக்கம்.